பனிக்குள் தாட்ட பை

போன மாரி முழுக்க, பனிக்குள் தாட்டு மூடின ஒரு பையை என் பேத்தியால் கண்டுபிடிக்க முடியவில்லை. நடந்தது அதுதான். மற்றதெல்லாம் ஆட்கள் கட்டிவிட்ட கதை.

கேட்டீர், சொல்கிறேன். முதலில் அந்த ஸ்கீப் பலகையை இரண்டு காலுக்கும் நடுவில் நிமிர்த்திப் பிடியும் தம்பி. பஸ் வளைவில் திரும்பும்போது என் முழங்காலில் இடிக்கிறது. ஓம், அப்படி. உம்முடைய மகன் நித்திரையோ? கொள்ளட்டும். மேலே போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது.

ஸ்கீயில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்தேன். எங்கள் கிளப். தமிழ் முகம். புது ஆள். பக்கத்தில் வந்து இருந்த கையோடு, "பிள்ளையளுக்கு இது பாதுகாப்போ ஐயா" என்று கேட்கிறீர். பாதுகாப்பு அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. கரைச்சலே அதுதான்.

என் பெயர் விநாசித்தம்பி. கிளப்பில் யாருக்கும் அது வாயில் வராது. பேத்தி அப்பப்பா என்று கூப்பிடுகிறாள், அதைக் கேட்டு வெள்ளைப் பிள்ளைகளும் அப்பப்பா. ஒரு தகப்பன் 'ஹெர் அப்பப்பா', அதாவது திருவாளர் அப்பப்பா, என்று மரியாதையாகக் கை தந்தான். விட்டுவிட்டேன். எத்தனை பேருக்கு விளக்கம் சொல்வது?

மகனுக்குச் சனிக்கிழமையில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. ஆகவே பேத்தி யதுசாவை மலைக்குக் கூட்டிக்கொண்டு போவது நான். நான் ஸ்கீ ஓடுவதில்லை. ஒரு தரம் ஓடினேன். அதைப் பற்றிக் கேட்காதையும்.

யதுசாவுக்குப் பதினான்கு வயது. கயிறு கட்டிய பாதையில் எல்லோரும் வரிசையில் இறங்குகிறார்களே, அது அவளுக்குச் சரிவராது. அவள் ஓடுகிற போட்டி வேறு. மலை உச்சியில் விடுவார்கள். கொடியில்லை, பாதையில்லை, கடிகாரமும் இல்லை. எந்தப் பக்கத்தால் இறங்குவது என்று நீர்தான் கீழே நின்று முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். பாறை இருந்தால் பாறையால் குதிக்கலாம். கீழே மூன்று நான்கு பேர் பைனாக்குலர் வைத்துக்கொண்டு நிற்பார்கள். எந்த வழி பிடித்தாய், தடுமாறினாயோ, எப்படிக் குதித்தாய் என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். யார் கெதியாய் வந்தது என்ற கதையே இல்லை.

இதை நான் வீட்டில் விளக்கினேன். "பரதநாட்டியத்துக்குப் புள்ளி போடுற மாதிரித்தான்" என்றேன். அங்கேதான் பிழை விட்டேன்.

"அப்ப பரதநாட்டியமே ஆடட்டுமே, மாமா" என்றாள் மருமகள். "விழுந்தாலும் மேடையிலைதானே விழும்."

மருமகளுக்கு முதலிலிருந்தே இது பிடிக்கவில்லை. நடன ரீச்சர் சனிக்கிழமை வகுப்பில் ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறா. பிள்ளைக்குச் சதங்கை கூட வாங்கியாயிற்று. பிள்ளையோ பாறையால் குதிக்கிறது. மகன் இரண்டு பக்கமும் தலையாட்டுவான். எனக்கு இரண்டு பக்கம் இல்லை. அந்தப் பெட்டை பனியில் இறங்குவதை ஒரு தரம் பார்த்தீரென்றால் உமக்கும் இருக்காது. சரி, அதை விடும்.

கிளப் ட்ரெயினர் ஒரு பெண். ஊர்சினா. இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். மூக்கில் எப்போதும் வெள்ளைக் களிம்பு. நல்ல பிள்ளை, ஆனால் கேள்வி கூட. கயிறு தாண்டிப் போகிற எல்லோரும் நெஞ்சில் ஒரு பெட்டி கட்ட வேண்டும் என்பது அவளுடைய சட்டம். உமக்கும் தருவாள். உடுப்புக்கு உள்ளே, வார் போட்டுக் கட்டுவது. அந்தப் பெட்டி ஓயாமல் ஒரு சைகையை அனுப்பிக்கொண்டிருக்கும். பனிச்சரிவு வந்து ஒரு ஆளை மூடினால், மற்ற ஆட்கள் தங்கள் பெட்டியைத் 'தேடு' என்று மாற்றிப் பிடிக்க வேண்டும். அதில் ஒரு அம்புக்குறி வரும். அம்பு காட்டுகிற பக்கம் போக, தூரம் குறைந்துகொண்டு வரும். கிட்ட வந்ததும் நீளக் கம்பியால் குத்திப் பார்த்துத் தோண்ட வேண்டும். இதைப் பழக்குவதற்காகத்தான் ஒரு பைக்குள் பெட்டியை வைத்துப் பனிக்குள் தாட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தேட விடுவது. பையைக் கண்டுபிடிக்காத பிள்ளை கயிறு தாண்டி ஸ்கீ ஓட முடியாது. எவ்வளவு திறமாக ஓடினாலும் சரி. வசந்தகாலப் போட்டிக்கும் போக முடியாது. இது ஊர்சினா போட்ட சட்டம். நல்ல சட்டம். நான் குறை சொல்லவில்லை.

முதற் சனிக்கிழமை என்ன செய்தேன், கேபிள் காரால் இறங்கியதும் என் பெட்டியை நிற்பாட்டிவிட்டேன். பற்றறி வீணாகப் போகக்கூடாது. இருபத்தைந்து வருடம் ஹோட்டல் சமையலறையில் நின்ற ஆள் நான். தேவையில்லாமல் எரிகிற எதையும் என் கை தானாகப் போய் நிற்பாட்டும். கயிறு தாண்டுகிற இடத்தில் ஒரு கம்பம் நிற்கிறது, நீரும் காண்பீர். அதைக் கடந்து போகும்போது உம்முடைய பெட்டி வேலை செய்தால் பச்சை விளக்கு எரியும். எனக்குச் சிவப்பு எரிந்தது.

"அப்பப்பா, நீங்கள் செத்துப்போனீர்கள்" என்றாள் ஊர்சினா.

பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. என் பேத்தி சிரிக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். "மலையில் நிற்கிறவரை இதை நிற்பாட்டக் கூடாது" என்றாள் ஊர்சினா. சரி என்றேன். அன்றையிலிருந்து என் பெட்டி மலையில் நின்றதில்லை. ஒரு தரம் சொன்னால் எனக்குப் போதும்.

பை புதைக்கிற வேலையை எனக்குத் தந்தார்கள். ட்ரெயினர் புதைத்தால் பிள்ளைகள் ஸ்கீ அடையாளத்தைப் பார்த்துப் பிடித்துவிடுகிறார்கள். நான் சப்பாத்தின் கீழ் அகலத் தட்டைக் கட்டிக்கொண்டு நடப்பேன். நேராகப் போக மாட்டேன். ஒரு வட்டம், பிறகு குறுக்கே, பிறகு சலம் கழிக்கப் போன ஆள் மாதிரி ஒரு மரத்தடி வரைக்கும். திரும்பி வந்து, ஒருவரும் எதிர்பார்க்காத இடத்தில் தாட்டுவிட்டு, மேலே கையால் தடவிவிடுவேன். நான் தாட்டால் தாட்டதுதான். நரிக்கும் விளங்காது.

மற்றப் பிள்ளைகள் தேடும்போது நான் தூரத்தில், தேத்தண்ணீர் மேசையடியில் நிற்பேன். தேத்தண்ணீரும் மீன் றோல்ஸும் என் பொறுப்பு. அந்தப் பிள்ளைகள் றோல்ஸ் தின்கிற வேகத்தைப் பார்த்தால் ஸ்கீ ஓடுவதற்குத்தான் வருகுதுகளோ என்று சந்தேகம் வரும். ஃப்ளூரின் என்று ஒரு பொடியன், பல்லுக்குக் கம்பி போட்டவன். அம்பைப் பார்த்தான், போனான், குத்தினான், எடுத்தான். வந்து றோல்ஸ் கேட்டான். அவனுக்கு அவ்வளவுதான்.

பிறகு யதுசாவின் முறை. சொந்தப் பேத்தி தேடும்போது தேத்தண்ணீர் மேசையடியில் நிற்கலாமோ? கிட்டப் போனேன். பின்னுக்கு ஒரு பத்தடியில் நின்று, "போ பிள்ளை, பயப்பிடாதை" என்று தெம்பு கொடுத்தேன்.

பிள்ளை முன்னுக்கு நாலு அடி போனாள். நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். திரும்பி என்னிடம் வந்தாள்.

"அப்பப்பா, அம்பு உங்களைக் காட்டுது."

"பதட்டப்பட்டா அப்பிடித்தான். முன்னுக்குப் பார்."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோவன்."

தள்ளி நின்றேன். அவளும் பெட்டியைப் பிடித்தபடி என் பின்னால் வந்தாள். ஊர்சினா மேலே மற்றப் பிள்ளைகளோடு நின்றவள், கையைக் காட்டி நேரம் முடிந்தது என்றாள்.

"அப்பப்பா, உங்கடை பெட்டி நிப்பாட்டித்தானே இருக்கு?" என்று பேத்தி மெல்லக் கேட்டாள்.

"நிப்பாட்டுறதோ? என்னோடை விளையாடுறியோ?" என்றேன். "எல்லாருக்கும் முன்னாலை ஒருக்கா வாங்கிக் கட்டினது போதாதோ?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு ஊர்சினாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை, என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு.

நீர் என்ன சிரிக்கிறீர்? கேளும்.

தேடுதல் தொடங்க முதல் ஊர்சினா ஒவ்வொரு தரமும் சொல்வாள்தான், சுற்றி நிற்கிறவர்கள் தங்கள் பெட்டியை நிற்பாட்டுங்கள் என்று. அது பிள்ளைகளுக்குச் சொல்வது. என்னைப் பார்த்து, "அப்பப்பா, உங்களுடையது?" என்று கேட்பாள். "ஓம்" என்பேன். சமையலறையில் பழகியது அது. பெரிய சமையற்காரன் என்ன கேட்டாலும் ஓம் என்றால் அடுத்த ஆளிடம் போய்விடுவான். இல்லை என்றால் அங்கேயே நின்று பேசுவான். மலையில் நிற்பாட்டாதே என்றும் அவள்தான் சொன்னாள், நிற்பாட்டு என்றும் அவள்தான் சொல்கிறாள். இரண்டில் ஒன்றைத்தானே ஒரு மனிதன் கேட்கலாம். நான் முதலில் சொன்னதைக் கேட்டேன்.

அடுத்த கிழமையும் அதே கதை. நான் பிழை எங்கே என்று பார்க்கத் தொடங்கினேன். முதலில் பற்றறி. புதுசு போட்டேன். சரிவரவில்லை. பிறகு பெட்டி. ஃப்ளூரினிடம் பேத்தியின் பெட்டியைக் கொடுத்து அவனுடையதை வாங்கினேன். அவன் பேத்தியின் பெட்டியை வைத்துக்கொண்டும் பையை எடுத்துவிட்டான். பேத்தி அவனுடைய பெட்டியோடு வந்து என் முன்னால் நின்றாள். அப்போது எனக்கு ஒன்று விளங்கியது. இந்த மலையில் இரும்பு இருக்கிறது.

ஊர்சினாவிடம் சொன்னேன். அவள் நேர்மையான பிள்ளை, யோசித்தாள். யாருக்கோ போன் எடுத்தும் கேட்டாள். அடுத்த சனிக்கிழமை முழுக் கிளப்பையும் இன்னொரு சரிவுக்குக் கொண்டுபோனாள். முக்கால் மணி நேரம் நடந்தோம். சில தாய் தகப்பன் முணுமுணுத்தார்கள். அங்கேயும் பேத்தி திரும்பி என்னிடம்தான் வந்தாள். அப்போ அங்கேயும் இரும்பு.

கோயிலில் ஒரு அர்ச்சனை செய்வித்தேன். திருநீறு பொட்டலமாக மடித்து அவளுடைய பெட்டி உறைக்குள் வைத்தேன். கண்ணூறாகக்கூட இருக்கலாம். யாருடைய கண் என்று நான் வாய் திறக்கவில்லை. வீட்டில் ஒரு ஆள் பிள்ளை தோற்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தால் வேறு யாரைச் சொல்வது? மருமகள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். "கடைசிச் சோதினையிலையும் பை கிடைக்காட்டி, வாற சனிக்கிழமையிலை இருந்து டான்ஸ் வகுப்பு, மாமா. இது பிள்ளையும் நானும் பேசின பேச்சு." பேத்தியும் சரி என்று தலையாட்டியிருக்கிறாள். என்னைக் கேட்டார்களோ? இல்லை.

ஆனால் ஒன்று. அந்தக் கிழமை கோயிலால் வந்து கதவைத் திறக்கிறேன், பேத்தி பெட்டியைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் மெல்ல மெல்ல நடக்கிறாள். நேராகக் குசினிக்குப் போனாள், அரிசி வாளிக்குள் கை விட்டாள், அதற்குள் கிடந்த என்னுடைய பெட்டியை எடுத்தாள். அரிசிக்குள் அதை வைத்தது யார் என்று பார்த்தால், மருமகள். துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு கீழே கட்டடத்தின் உடுப்புத் தோய்க்கிற அறைக்குள் வைத்தாளாம். அங்கேயும் எடுத்தாள். அன்று தோய்க்கிற முறை இரண்டாம் மாடி மனிசிக்கு. அவள் முறைப்பாடு எழுதிக் கதவில் ஒட்டிவிட்டாள். அது வேறு கதை.

"நீ ஏன் இதெல்லாம் ஒளிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"பிள்ளை கேட்டுது, மாமா."

"வீட்டிலை எடுக்கிறவள் மலையிலை ஏன் எடுக்கிறாளில்லை?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்" என்றாள். "மலையிலை ஆர் பக்கத்திலை நிக்கிறது?"

"வேறை ஆர், நான்தான்."

"ம்" என்றாள். அரிசி வாளியை மூடினாள்.

கடைசிச் சோதனை அன்று மருமகளும் வெளிக்கிட்டாள். மகனுடைய பழைய சப்பாத்து, இரண்டு சோடி காலுறை. மலைப்பக்கமே வராதவள். கேபிள் காரில் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றாள். "நீ ஏன் வாறாய்?" என்று கேட்டேன். "சும்மா, மாமா" என்றாள். தோற்பதைக் கண்ணால் பார்க்க வருகிறாள் என்று நினைத்தேன். நீரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்.

அன்று வேறொரு கிளப்பிலிருந்து தாடிக்காரர் ஒருவர் நேரம் பார்க்க வந்திருந்தார். நான் பையைத் தாட்டேன். இரண்டு வட்டம் கூடப் போட்டேன். சோதனை எல்லோ. மற்றப் பிள்ளைகள் ஒவ்வொன்றாய் எடுத்தார்கள். ஒவ்வொரு தரமும் புது இடம், என் முதுகு உடைந்துவிட்டது. கடைசியாகப் பேத்தி.

மருமகள் தேத்தண்ணீர் மேசையடியில் நின்றாள். நான் வழக்கம்போலக் கிட்டப் போனேன்.

பிள்ளையின் முகம் வெளிறிப்போயிருந்தது. பெட்டியைப் பிடித்தாள். நடந்தாள். வளைந்தாள். என்னைப் பார்த்து வந்தாள். "இஞ்சை இல்லை, அங்காலை" என்றேன். நான் இடப்பக்கம் ஒதுங்கினேன், அவளும் இடப்பக்கம். வலப்பக்கம் போனேன், அவளும் வலப்பக்கம். தாடிக்காரர் கடிகாரத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கினார். "பிள்ளை, என்னட்டை இல்லையடி" என்று கத்தினேன். அவள் என் காலடியில் முழங்காலை ஊன்றி, கம்பியைப் பூட்டி, என் சப்பாத்துக்குப் பக்கத்தில் குத்தத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர். ஆனால் விதிப்படிதான் குத்தினாள், வரிசையாக. அதைச் சொல்லவேண்டும்.

அப்போதுதான் மருமகள் மேசையடியிலிருந்து வருகிறாள். அந்தச் சப்பாத்தோடு, முழங்கால் வரை புதைந்து, விழுந்து, எழும்பி, திரும்ப விழுந்து. வந்து எனக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினாள்.

"மாமா, ஜக்கெற்றைத் திறவுங்கோ."

"ஏன்?"

"திறவுங்கோ."

"குளிருது."

என் வீட்டுக்கு வந்த நாள் தொட்டு அவள் எனக்கு முன்னால் கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டு இருந்ததில்லை. தேத்தண்ணீர் தரும்போதும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள், கையில் தரமாட்டாள். அப்படிப்பட்டவள், முழுக் கிளப்பும் பார்த்துக்கொண்டு நிற்க, என் ஜக்கெற்றின் சிப்பைப் பிடித்துக் கழுத்திலிருந்து வயிறு வரை ஒரே இழுவையாக இழுத்தாள். நெஞ்சில் பெட்டி. அதில் சின்ன விளக்கு ஒன்று மினுங்கி மினுங்கி எரிகிறது.

"இதென்ன?"

"பெட்டி."

"எரியுது."

"எரியத்தானே வேணும். மலையிலை நிப்பாட்டக் கூடாது. ஊர்சினாவிட்டைக் கேள்."

"மாமா," என்றாள், சத்தம் போடாமல், "பிள்ளை இவ்வளவு நாளும் உங்களைத்தான் கண்டுபிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கு."

வீட்டில் அரிசிக்குள் வைத்து எடுத்துப் பழகின கை. பெருவிரலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். விளக்கு நின்றது.

பேத்தியின் கையில் அம்பு அப்படியே திரும்பியிருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை, பிறகு சொன்னாள். நான் பார்த்தது அவள் தாயை நிமிர்ந்து பார்த்ததைத்தான். பிறகு எழும்பினாள். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. நான் சலம் கழிக்கப் போன மாதிரி நடித்த மரத்தைத் தாண்டி, நேரே போனாள். குனிந்தாள். இரண்டு குத்து. சவளை எடுத்துத் தோண்டினாள். பை வெளியே வந்தது.

தாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் இருந்ததாம். கொஞ்சம்தான் இருந்ததாம். ஊர்சினா கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

கிளப்பில் சொல்கிறார்கள், பிழை என்னுடையது என்று. சொல்லட்டும். மலையில் நிற்பாட்டாதே என்றார்கள், நான் நிற்பாட்டவில்லை. ஒரு பெட்டிக்குத் தாத்தாவுக்கும் பைக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் அது பெட்டி செய்தவனுடைய பிழை. இப்போது எனக்குத் தேத்தண்ணீர் மேசை மட்டும்தான். பை புதைக்க ஆள் தேடுகிறார்கள். உம்மைத்தான் கேட்பார்கள். முதுகு நல்லதோ?

போட்டியில் என்ன நடந்தது என்று கேட்கப்போகிறீர். போனாள். இரண்டாம் பாறையில் விழுந்தாள், எழும்பி மிச்சத்தை ஓடி முடித்தாள். கடைசி இடத்துக்கு ஒன்று மேலே. மருமகள் விரல் இடுக்கால் பார்த்தாள், ஆனால் பார்த்தாள். சதங்கை இன்னும் கடையால் வந்த பெட்டிக்குள்தான் இருக்கிறது.

எனக்கு விளங்காதது ஒன்றுதான், தம்பி. அன்று அவள் மேசையடியிலேயே நின்றிருந்தால் போதும். ஒன்றும் செய்யத் தேவையில்லை, வாயைத் திறக்கத் தேவையில்லை. அவள் கேட்ட சனிக்கிழமை அவள் கைக்கு வந்திருக்கும். பேசின பேச்சு அதுதானே. அவள் அந்தச் சப்பாத்தோடு பனிக்குள் இறங்கி வந்தாள்.

மாரி முடிய கிளப்பில் ஒரு சாப்பாடு வைத்தார்கள். ஊர்சினா எழும்பி ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு வந்தாள். எங்கள் மேசைக்கு வந்ததும் என் காதுக்குக் குனிந்தாள்.

"யதுசாவின் அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவருடைய பெயர் என்ன?"

"பிள்ளையின் தாய்" என்றேன்.

"அது தெரியும். பெயர்?"

பதினாறு வருடமாக ஒரே வீடு. மகனிடம் சொல்லும்போது 'உன்ரை மனிசி'. பேத்தியிடம் 'உன்ரை அம்மா'. நேரே பார்த்தால் 'இஞ்சை, பிள்ளை'. அந்தப் பெயரை என் வாய் ஒரு தரமும் சொன்னதாக நினைவில்லை. ஊர்சினா காத்துக்கொண்டு நிற்கிறாள். மேசையே என்னைப் பார்க்கிறது. எதிரில் அவள் தலையைக் குனிந்து கோழித்துண்டில் எலும்பை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நன்றியை நானே சொல்கிறேன் என்று ஊர்சினாவை இருக்கச் சொன்னேன். எழும்பி நின்றேன். பையை எடுத்தது பேத்தி, எடுக்க வைத்தது யார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

சிவரூபி.